வெள்ளிக்கிழமை மத்தியான இஸ்திரி

கூரைமேல் சூரியத் தகடு பொருத்துகிறேன் என்று எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவன் கிங்ஸ்லி. என் மனைவி அடோமா போகிற சபையின் மூப்பர் டாப்பாவுக்கு அக்கா மகன். அக்கா மகன் என்றால் எங்கள் அசாந்தி இனத்து ஆட்களுக்குச் சொந்த மகனைவிட ஒரு படி மேலே. அவனை வேண்டாம் என்று சொல்வது மூப்பரையே வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்துவது மாதிரி.

நல்ல பையன்தான். சட்டையில் கறை கிடையாது. பேச்சில் மரியாதை.

"எத்தனை பல்பு அங்கிள்?"

சொன்னேன்.

"ஃபேன்? டிவி? மீன் வைக்கிற ஃப்ரீசர் ஒண்ணு, இல்லையா? அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அந்த "அவ்வளவுதான்" எவ்வளவு பெரிய பொய் என்று எனக்கு அப்போது தெரியாது. பொய் சொல்கிறோம் என்றுகூடத் தெரியாது. ஏணி போட்டுக் கூரை ஏறினான், அளந்தான், இறங்கினான், ஃபோனில் தட்டிக் கணக்குச் சொன்னான். எங்கள் கைக்கு எட்டுகிற தொகைதான். விளம்பரத் தாள் ஒன்றும் கொடுத்தான். நான் எழுத்துக் கற்றதே தலை நரைத்த பிறகு, சபையின் மாலை வகுப்பில். அதனால் எது கையில் கிடைத்தாலும் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவேன். தாளில் வெயிலைப் பற்றி நிறைய இருந்தது. எங்களைப் பற்றி ஒன்றும் இல்லை.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குமாசி நகரத்தில் மாடி வீடு கட்டுகிற இடத்திலெல்லாம் தலையில் கலவைச் சட்டி சுமந்தவன் நான். நான் தளம் போட்டுக் கொடுத்த மாடி எதிலும் நான் படுத்ததில்லை, அது வேறு கதை. போன மழைக்கு இடுப்பு விட்டுப்போனது. சாய்வுப் பலகையில் ஏறும்போது இடது கால் மரத்துப்போகும், சட்டி ஆடும். மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "போவாடு, உன்னைத் தூக்கிட்டுப் போக எனக்கு இன்னொரு ஆள் வேணும்டா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சிரிக்கவில்லை.

அடோமாதான் வழி கண்டுபிடித்தாள். பழைய ஃப்ரீசர் ஒன்று வாங்கினாள். குளிர்கிடங்கிலிருந்து கானாங்கெளுத்தி மீனைப் பெட்டியாக எடுத்து வந்து, சோற்றுக்கடைக்காரர்களுக்கும் கெங்கி என்கிற சோளமாவு உருண்டை விற்கிற பெண்களுக்கும் சில்லறையாகக் கொடுப்பாள். வியாபாரம் நன்றாக ஓடியது, கரண்டு ஓடுகிற வரைக்கும். ஈஸ்டர் வாரம் கரண்டு போய் வரவே இல்லை. ஒரு பெட்டி மீனையும் சாக்கடையில் கொட்டினோம். கூரையில் கழுகு வந்து உட்கார்ந்தது. அடோமா மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு ஃப்ரீசரைக் கழுவினாள். நான் மறுநாள் சட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வேலைக்குப் போனேன்.

ஆக, ஃப்ரீசர் நிற்காமல் ஓடினால் நான் சட்டியை இறக்கி வைக்கலாம். நின்றால், என் இடுப்பு முழுசாக ஒடிகிற வரைக்கும் சுமக்க வேண்டும். தலைநகர் அக்ராவில் இருக்கிற எங்கள் மகள் அஃபியா அனுப்பியதும் நாங்கள் சீட்டில் சேர்த்ததும் ஒரு தடவை தகடு போடத்தான் காணும். தப்பான ஆள் கையில் கொடுத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்பது கிடையாது.

கிங்ஸ்லி போட்டுக் கொடுத்த ஒரு வீட்டைப் போய்ப் பார்த்தேன். தையல்காரி ஒருத்தியின் வீடு. சுற்றி மதில், மதில்மேல் கண்ணாடிச் சில்லு, கேட்டில் நாய். உள்ளே மெஷின் ஓடுகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து அடோமாவிடம் சொன்னேன். அவள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர் மனைவியிடம், "உங்க பையனே போடட்டும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அதற்கப்புறம்தான் அலிடு வாயைத் திறந்தான். எங்கள் முற்றத்தின் மூலை அறையில் இருக்கிறவன். வண்டி டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன்.

"எங்க மசூதித் தண்ணி மோட்டாருக்கு ஒரு பொண்ணு தகடு போட்டுச்சு. செனாம்னு பேரு. ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன். கேக்குறதுக்குக் கட்டணம் இல்லையே?"

"வாக்குக் குடுத்தாச்சுப்பா."

"உன் சம்சாரம் குடுத்தா. நீ குடுத்தியா?"

ஃபோன் போட்டேன். அந்தப் பெண் கூரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"உங்க வீட்டுல எப்ப கூட்டம் அதிகம் அங்கிள்?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்."

"அப்ப வெள்ளிக்கிழமை சாயங்காலம் வர்றேன்."

"வெயில் சாஞ்சிருக்குமேம்மா. தகடு எங்க வைக்கிறதுன்னு எப்படிப் பாப்ப?"

"கூரை எங்கயும் ஓடிப்போகாது அங்கிள்."

வெள்ளிக்கிழமை எங்கள் முற்றத்தைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், நடுவில் எல்லோருக்கும் பொதுவான மண் தரை. சனிக்கிழமை என்றால் எங்கள் ஊரில் சாவுச் சடங்கு. யாராவது ஒருவருக்கு யாராவது ஒருவர் போயிருப்பார். கறுப்புத் துணியோ சிவப்புத் துணியோ மடிப்புக் கலையாமல் உடுத்திப் போக வேண்டும். கசங்கிய துணியோடு போனால் செத்தவர் வீட்டை அவமதித்த மாதிரி. அதனால் வெள்ளி சாயங்காலம் முற்றம் முழுக்க இஸ்திரி நடக்கும்.

அன்றைக்கும் கரண்டு இல்லை. கரி போடுகிற பழைய இஸ்திரிப்பெட்டி ஒன்றுதான் முற்றத்துக்கே உண்டு. மூடியின் கொக்கியில் சின்னதாக ஒரு இரும்புச் சேவல் உட்கார்ந்திருக்கும். அந்தப் பெட்டி எதிர் அறை போக்குவா அக்காவுடையது. சந்தையில் தக்காளி விற்கிறவள். அவள் பெட்டியை விசிறிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

செனாம் உள்ளே வந்தாள். குட்டையான பெண், ஒட்ட வெட்டிய முடி, ஆண்கள் போடுகிற வேலை பூட்ஸ்.

"எந்த ஊரு பொண்ணே நீ?" என்றாள் போக்குவா அக்கா.

"கிழக்கே, ஹோங்கிற ஊர்ப் பக்கம் அக்கா."

"ஓகோ, ஆத்துப் பக்கமா! ஆத்துல அணை கட்டிக் கரண்டு எடுத்துத் தர்றோம்னு சொல்லி எங்களை இருட்டுல உக்கார வச்சீங்க. இப்ப வெயிலையும் விக்கக் கிளம்பிட்டீங்களா?"

முற்றமே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

"வெயில் உங்க ஊருதுதான் அக்கா. கம்பி மட்டும்தான் என்னோடது."

அடோமா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த பிறகுதானே வந்த காரியம் கேட்க வேண்டும். ஆனால் கொடுத்த கை விறைப்பாக இருந்தது. வாக்குக் கொடுத்த பிறகு இன்னொருத்தியை வரவழைத்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. கொடுத்துவிட்டுக் கதவு நிலையில் போய்ச் சாய்ந்துகொண்டாள்.

செனாம் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். கூரைப் பக்கம் தலையைத் தூக்கவே இல்லை. வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஸ்திரிப்பெட்டி எத்தனை இருக்கு அங்கிள்? கரண்டுப் பெட்டியைக் கேக்கறேன்."

"எங்க வீட்டுல ஒண்ணு. அதையும் எடுத்து மூலையில போட்டாச்சு."

"உங்க அறையைக் கேக்கல. முற்றத்தைக் கேக்கறேன்."

"முற்றம் வேற, நான் வேறம்மா. தகடு எனக்குத்தானே?"

யாரோ விசில் அடித்தார்கள். "கேட்டுக்கங்கப்பா, நம்ம போவாடு மதில் கட்டப் போறான்!" என்றான் அலிடு.

அந்த நேரம் பார்த்துப் போக்குவா அக்கா பெட்டியைத் தூக்கினாள். ஓட்டை வழியாக ஒரு கங்கு தெறித்துத் துணியில் விழுந்தது. தட்டி அணைப்பதற்குள் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. மறுநாள் அவள் சின்னம்மாவின் சடங்கு. அந்தத் துணியைத் தவிர அவளுக்கு நல்ல கறுப்புத் துணி கிடையாது.

அவள் அழவில்லை. துணியைத் தூக்கி, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள்.

"அஃபியா அப்பா, ஒண்ணு கேக்கறேன். நாளைப்பின்ன உன் சுவத்துல கரண்டு இருக்கும். நான் சாவுத் துணியைத் தூக்கிட்டு உன் வாசல்ல வந்து நிப்பேன். இல்லைன்னு சொல்லுவியா?"

வாயைத் திறந்தேன். என் அம்மாவை அடக்கம் பண்ணிய அன்றைக்கு நான் உடுத்தியிருந்த துணிக்கு, விடிவதற்கு முன்னால் எழுந்து இதே சேவல் பெட்டியால் மடிப்பு வைத்தவள் அவள். நான் கேட்கக்கூட இல்லை.

"சொல்ல மாட்டேன்க்கா."

"என்னையும் சேத்துக்க!" "எனக்கும்!" என்று வரிசையில் குரல்.

"ஃபோனையும் கொண்டாந்து சொருகுவீங்க, எனக்குத் தெரியாதா?" என்று கதவிலிருந்து அடோமா கத்தினாள்.

செனாம் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "இதைக் கேக்கத்தான் வெள்ளிக்கிழமை வந்தேன். ஒரு இஸ்திரிப்பெட்டி குடிக்கிற கரண்டு பல ஃப்ரீசர் குடிக்கிறதுக்குச் சமம். சாயங்காலம் வெயில் போனப்புறம் நாலு பேரு துணி தேச்சா பேட்டரி காலி. விடியறப்ப ஃப்ரீசர் அமைதியா நிக்கும். மீனைத் தொட்டா மெத்துனு இருக்கும்."

அடோமா கதவை விட்டு முற்றத்துக்கு வந்தாள். ஈஸ்டர் வாரத்து நாற்றம் அவள் மூக்கில் வந்திருக்க வேண்டும்.

"இன்னும் பெரிசாப் போட்டா?"

"உங்களால முடியாது. முடிஞ்சாலும் அடுத்த முற்றத்து ஆளுங்களும் வருவாங்க."

"வருவாங்க, வருவாங்க," என்றான் அலிடு. "என் மச்சினனே அங்கதான் இருக்கான்."

செனாம் ஒரு குச்சியை எடுத்துத் தரையில் கோடு போட்டாள். ஃப்ரீசருக்குத் தனிக் கம்பி. அதற்கும் பேட்டரிக்கும் பூட்டுப் போட்ட பெட்டி, அதில் வேறு யாரும் எதையும் செருக வழி இருக்காது. ஃபோனுக்குச் சின்னதாக ஒரு பலகை. அப்புறம் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்துச் சுவரில் முற்றத்துக்கென்று ஒரே ஒரு பிளக். அதில் வெயில் நன்றாக அடிக்கும்போது மட்டும் கரண்டு வரும். வெயில் சாய்ந்தால் தானாகவே செத்துவிடும். யார் கெஞ்சினாலும் வராது.

"இல்லைன்னு சொல்ல வேண்டியது நீங்க இல்ல அங்கிள். சூரியன் சொல்லிக்கும்."

"மத்தியானம் நான் சந்தையில தக்காளி வித்துட்டிருப்பேன்," என்றாள் போக்குவா அக்கா. "இவங்க எல்லாரும் வேலையில. யாரு வந்து தேய்க்கிறது?"

"அது என் கம்பிக்குத் தெரியாது அக்கா. நீங்களே பேசிக்குங்க. மழைக்காலத்துல மேகம் மூடிடுச்சுன்னா இந்தச் சேவலேதான், அதையும் இப்பவே சொல்லிடறேன்."

செனாமுக்குக் கடை இருக்கிறதா என்று கேட்டேன். சுவாமே மெக்கானிக் பட்டறைகள் பக்கம் ஒரு கன்டெய்னர் பெட்டிதான் என்றாள். கெட்டுப்போனால்? "கூப்பிடுங்க, வர்றேன். வரலைன்னா மசூதியில போய்ச் சொல்லுங்க. அங்க எனக்குப் பயம் ஜாஸ்தி." கிங்ஸ்லி சொன்ன தொகையைவிடக் கொஞ்சம் கூடத்தான் கேட்டாள். டிவியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், தொகை சரியாகிவிடும் என்றாள்.

அடோமாவுக்கு மனசு சாய்ந்துவிட்டது, ஆனால் வாய் சாயவில்லை. "மூப்பர் முகத்துல எப்படி முழிக்கிறது? இதையே கிங்ஸ்லிகிட்டச் சொல்லிச் செய்யச் சொன்னா என்ன?"

நியாயமான கேள்வி. அவள் முன்னாலேயே கிங்ஸ்லிக்கு ஃபோன் போட்டு, அவள் கேட்கிற மாதிரி வைத்தேன். முற்றத்து விஷயத்தைச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டான்.

"அங்கிள், முற்றத்துக்கு எதுக்குக் குடுக்கறீங்க? கதவைச் சாத்திக்குங்க. கதவுக்கு நல்ல பூட்டா நானே போட்டுத் தர்றேன், அதுக்குக் காசு வேண்டாம்."

அவன் மனசில் கெடுதல் இல்லை. உண்மையிலேயே இனாமாகப் பூட்டுப் போட்டிருப்பான்.

அடோமா ஃபோனை வாங்கி, நன்றி சொல்லி வைத்தாள். "கதவைச் சாத்தவா? போக்குவா வெளியே நிக்கும்போதா? இவன் எந்த ஊர்ல இருக்கான்?"

கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க நாமே போய் நிற்கக் கூடாது. நமக்காகப் பேச ஒரு ஆளைக் கூட்டிப்போக வேண்டும். போக்குவா அக்காவைக் கேட்டோம். "உங்க மீனை விட எனக்குத்தான் இதுல லாபம்," என்று சொல்லிக் கிளம்பினாள்.

ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு மூப்பர் டாப்பா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். தண்ணீர் வந்தது. குடித்தோம். "இங்க எல்லாரும் நல்லாருக்கோம். வந்த காரியம் என்ன?" என்று மூப்பர் கேட்டார்.

"கெட்ட சேதி எதுவும் கொண்டு வரல," என்று ஆரம்பித்தாள் போக்குவா அக்கா. சந்தையில் கத்துகிற குரல் எங்கே போனதோ, தேன் மாதிரிப் பேசினாள். "இந்தப் பிள்ளைங்க ரெண்டு பேரும் உங்க வீட்டுல ஒரு வாக்கை வச்சிட்டுப் போனாங்க. அதைக் கேட்டு வாங்கிட்டு வரச் சொல்லி என் காலைப் பிடிச்சு அனுப்பியிருக்காங்க."

மூப்பர் முகம் சுருங்கியது. "என் பையன் வேலை சரியில்லையா?"

"யாரு சொன்னா? தங்கமான வேலை. மதில் இருக்கிற வீட்டுக்கு ரொம்பப் பொருத்தம். எங்களுக்கு மதில் இல்ல, மூப்பரே. வெள்ளிக்கிழமையானா இவங்க வாசல்ல நாங்கல்லாம் இஸ்திரிப்பெட்டியோட நிப்போம். அந்தக் கூட்டத்துக்கு அந்தத் தம்பி கணக்குப் போடல."

மூப்பர் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் வந்தது. "அதான் கேக்கறேன், நம்ம கூரையிலயும் அவன்தானே தகடு போட்டான், உங்க தங்கச்சிங்க எல்லாரும் துணி தேச்சிட்டுப் போன ராத்திரி மட்டும் நம்ம ஃபேன் ஏன் நிக்குதுன்னு!"

மூப்பர் இருமினார். பிறகு, "வாக்கை எடுத்துட்டுப் போங்க," என்றார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். கிங்ஸ்லி அடுத்த வாரம் சபையில் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். அவ்வளவுதான், ஆனால் ஆட்டினான்.

செனாம் சொன்னபடி வந்து வேலையை முடித்தாள். பூட்டுச் சாவியை அடோமா கையில் கொடுத்தாள், என் கையில் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானமே கரண்டு போனது. டிரம் பக்கத்துப் பிளக்கில் பச்சை விளக்கு எரிந்தது. முற்றத்தில் ஒரு ஆள் இல்லை. ஆனால் எங்கள் வாசலில் காலையிலிருந்தே துணி மூட்டைகள். மேலே போக்குவா அக்காவின் கறுப்புத் துணி, ஓட்டையை மறைத்து ஒட்டுப் போட்டிருந்தாள். "நேரமிருந்தா" என்று சொல்லி வைத்துவிட்டுப் போயிருந்தார்களாம். அடோமாவுக்கு நேரம் இல்லை, சோற்றுக்கடைப் பெண்கள் மீனுக்கு வந்து நின்றார்கள். இடுப்பு வலியோடு வீட்டில் இருந்தவன் நான்.

மூலையில் கிடந்த கரண்டுப் பெட்டியை எடுத்தேன். உயரமான முக்காலி ஒன்றில் உட்கார்ந்தால் இடுப்பு குனிய வேண்டியதில்லை. முதல் துணியில் கொஞ்சம் கை தடுமாறியது. தளத்தில் கலவை இழுத்துச் சமன் பண்ணுகிற அதே இழுப்புத்தான் என்று பிடிபட்டதும் சரியாகிவிட்டது. போக்குவா அக்கா துணிக்கு மடிப்பைக் கத்தி மாதிரி வைத்தேன்.

நடுவில் மேஸ்திரி ஃபோன்.

"போவாடு, திங்கக்கிழமை பெரிய தளம். வர்றியா இல்லையா? என்னடா புஸ்ஸுன்னு சத்தம்?"

"துணிக்குத் தண்ணி தெளிச்சுத் தேய்க்கிறேன்."

"நீயா?"

"நான்தான். முற்றம் முழுக்க என் தலையில."

சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் குரல் தணிந்து வந்தது. "நாளைக்கு என் மச்சானோட சடங்குடா. எங்க வீட்டுலயும் கரண்டு இல்ல. கொண்டு வரவா?"

வானத்தைப் பார்த்தேன். வெயில் இன்னும் நின்றிருந்தது.

"சூரியன் சாயறதுக்குள்ள வந்துடு. அப்புறம் நான் நினைச்சாலும் முடியாது."

வந்தான். ஒரு கை நிறையத் துணியோடு வந்தவன் இரண்டு மீன் வாங்கிக்கொண்டு போனான். திங்கட்கிழமையைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாயங்காலம் பச்சை விளக்கு அணைந்தது. கடைசியாக ஓடி வந்த ஒருத்தி பிளக்கைத் திட்டிவிட்டுச் சேவல் பெட்டிக்குக் கரி அள்ளப் போனாள். என்னைத் திட்டவில்லை.

கரண்டு இரவெல்லாம் வரவில்லை. சனிக்கிழமை காலை முற்றத்து ஆட்கள் கறுப்பும் சிவப்புமாகக் கிளம்பிப் போனார்கள். போக்குவா அக்கா என் முன்னால் ஒரு தடவை சுற்றிக் காட்டிவிட்டுப் போனாள். அவர்கள் போகிற வரைக்கும் பொறுத்திருந்து, அடோமா ஃப்ரீசர் மூடியைத் திறந்தாள். நான் பக்கத்தில் போகாமல் நின்றேன். அவள் அடியிலிருந்து ஒரு மீனை எடுத்து ஃப்ரீசர் விளிம்பில் தட்டினாள்.

கல்லில் கல் தட்டின சத்தம்.

இன்னொரு மீனை எடுத்துத் தட்டினாள், அதுவும் அப்படியே. பிறகு என்னைத் தாண்டிப் போய், சுவரில் சாய்த்து வைத்திருந்த என் கலவைச் சட்டியை எடுத்தாள். ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். என்னைக் கேட்கவே இல்லை. அதில் மீனை அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு, கடைத்தெருப் பக்கம் கிளம்பிப் போனாள்.